சீல் குத்தாத எல்லை

நேற்று மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் பொலிஸ்காரர்கள் கார்களை மறித்து, குடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னை மட்டும் மறிக்காமல் கையைக் காட்டிப் போகவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் நீங்கள் இருந்திருந்தால், "சும்மா விடுறாங்கள் எண்டால் ஏதோ இருக்குது" என்று கோவில் வரை பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பீர்கள். நீங்கள் என்னைத் தனியே விட்டுக் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. நேற்று அந்த வேலையை நானே செய்தேன்.

ஊரில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியே இளமையைக் கழித்தவர் நீங்கள். நில் என்றால் நிற்பீர்கள். நிற்கச் சொல்ல ஆளில்லாவிட்டால்தான் உங்களுக்குக் கால் நகராது. அதை நான் கண்டது, உங்கள் தம்பியைப் பார்க்கவென்று நாங்கள் இருவரும் விமானமேறிப் போனபோது, பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் நடுவே, சோளத் தோட்டங்களுக்குள் இருந்த அந்தச் சின்ன எல்லையில். ஒரு பெயர்ப்பலகை, பூட்டிக் கிடந்த பழைய காவல் கூடு, அவ்வளவுதான். அப்பால், ஜேர்மனிப் பக்கம், அவர் நின்றார். அகதி விண்ணப்பம் முடிவாகாததால் ஜேர்மனியை விட்டு அவர் வெளியே வரக்கூடாது. நாங்கள்தான் போகவேண்டும்.

நீங்கள் போகவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டையும் நெஞ்சோடு பிடித்தபடி கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள்.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை, வாங்கோ" என்றேன்.

"சீல் குத்தாமல் போனால் நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது? எங்கையோ கமரா இருக்கும்."

எனக்குப் பொல்லாத கோபம். பிரிந்தபோது மீசை அரும்பாத தம்பி தலை நரைத்துப்போய் நிற்கிறார். நீங்கள் கமரா தேடுகிறீர்கள்.

பொறுக்க முடியாமல் அவரே "அண்ணா" என்று ஓடி வந்துவிட்டார். நீங்கள் அலறினீர்கள். "போடா அங்கால! கண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்!" பாஸ்போர்ட்டுகளை எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் பிடித்துத் தள்ளினீர்கள். பலகைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டபோது நீங்களும் ஜேர்மனிக்குள் நின்றீர்கள். பிறகுதான் இருவரும் கட்டிப்பிடித்து அழுதீர்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் என்னைப் பார்த்து, "நீர் அங்கையே நிண்டு ரோட்டைப் பாரும்" என்றீர்கள். பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை.

இன்று காலை உங்கள் தம்பி ஜேர்மனியிலிருந்து போன் எடுத்தார். வதிவிட உரிமை கிடைத்துவிட்டதாம். இத்தனை வருடம் முருகனிடம் நான் நேர்த்தி வைத்தது அதற்காகத்தான். சந்தோஷமாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "கடிதத்தை வடிவா வாசிச்சனீங்களோ தம்பி? உண்மையா அரசாங்க ஆக்கள்தான் அனுப்பினவங்களோ?" என்றுதான் வந்தது.



"அண்ணா கேக்கிற மாதிரியே இருக்குது அண்ணி" என்று அழுதார்.