அண்ணன் திருப்பிய தகடு

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை வெட்டிவிடுவீர்கள். அதனால்தான் இத்தனை நீளமாக ஒரு மெயில். கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. நம் பெண்ணுக்குக் காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டது. கை வீக்கமும் வடிந்துவிட்டது. சாப்பிடுகிறாள், சத்தமாகப் பாட்டு வைக்கிறாள், குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறாள். திட்டவும் மனம் வரவில்லை. அவளோடு படகில் இருந்த மருந்துக்கடைக்காரர் மகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இருமல்தான் இன்னும் நிற்கவில்லை. பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய அம்மா என்னை உட்காரச் சொன்னார்; தான் உட்காரவில்லை. கிளம்பும்போது, "நாங்க கேஸ் கீஸ் எதுவும் போடலங்க. ஆனா உங்க வீட்டுக்காரரோட அண்ணன் எங்க முகத்துல முழிக்க வேண்டாம், அவ்வளவுதான்" என்றார்.

நீங்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னீர்கள். அவர் இனி உங்களுக்கு அண்ணனில்லை, பக்கத்து வீடே ஆனாலும் நானும் பிள்ளையும் அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று. நான் சரி என்றேன். உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போன வாரம் காய்கறிக் கடையில் அவர் முதுகு தெரிந்ததும் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை அழுகைக்கு நடுவே சொன்னேன். அது உங்களுக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்காது. நிதானமாகச் சொல்கிறேன்.

படகு கிளப் கொட்டகைச் சுவரில் படகுக்கு ஒன்றாகத் தொங்கும் அந்தத் தகடுகளை இப்போதெல்லாம் நான் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஏரியில் இறங்குமுன் சிவப்புப் பக்கம், கரையேறியதும் வெள்ளைப் பக்கம். படகை ஓட்டுபவர்தான் தன் தகட்டைத் திருப்ப வேண்டும், மறந்தால் அன்றைய பந்தயப் புள்ளி போய்விடும். நம் பெண் இந்தப் பருவத்தில் ஏற்கெனவே இரண்டு முறை மறந்தவள். இன்னொரு முறை மறந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

அன்றைக்குப் பந்தயப் பொறுப்பு உங்கள் அண்ணனுடையது. நடுவில் காற்று திடீரென்று திரும்பி, கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. எல்லோரும் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடிவந்தோம். சரிவில் ஒரு படகின் நீலப் பாய் சுருண்டு கிடந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் புதிதாக வாங்கிய பாய் அது. நம் பெண்ணின் பாயும் நீலம்தானே, உங்கள் அண்ணன் அதை அவளுடையது என்று நினைத்துவிட்டார். சுவரைப் பார்த்தால் அவள் தகடு மட்டும் சிவப்பு. "மறுபடியும் மறந்துட்டா பாரு கழுதை" என்று சிரித்துக்கொண்டே திருப்பிவிட்டாராம். பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்த அக்காதான் சொன்னார்கள். தன் புருஷனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று அவர்கள் நினைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அப்போது தோன்றியிருக்காது.

சுவர் முழுக்க வெள்ளை. மீட்புப் படகைக் கரையேற்றச் சொல்லிவிட்டார். நானும் அதே சுவரைப் பார்த்துவிட்டு, உடை மாற்றுகிறாள் போலிருக்கிறது என்று அவளுக்கு ஒரு டம்ளர் டீயை மூடி வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ஏரி நடுவிலிருக்கும் திட்டுக்கு அந்தப் பக்கம், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தார்கள். பாய்மரம் சேற்றில் குத்திக்கொண்டதால் அவர்களால் படகை நிமிர்த்த முடியவில்லை.

மருந்துக்கடைக்காரர் தன் மகளை அழைத்துப்போகக் குடையோடு வந்து, "எங்க பாப்பா எங்க?" என்று கேட்டார். அந்த நொடியில் உங்கள் அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. லைஃப் ஜாக்கெட்கூடப் போடாமல் மீட்புப் படகைத் தனியாளாகத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்கு இருக்கும் கஷ்டம் இதுதான். அவர் அலட்சியமாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். அவளை மறந்திருந்தால் தகடு சிவப்பாகவே இருந்திருக்கும். மீட்புப் படகும் தேடிப் போயிருக்கும். அவள்மேல் பிரியமில்லாத யாராவது அங்கே நின்றிருந்தால் நம் பெண் நனைந்ததோடு போயிருக்கும். இதை நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் படகை ஓட்ட, நீங்கள் முன்னால் உட்கார்ந்து போன அத்தனை வருஷத்திலும் அவர் ஒரு நாளாவது தன் தகட்டைத் தானே திருப்பியிருக்கிறாரா? நீங்கள்தான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போய்த் திருப்புவீர்கள். கிளப்பில் யார் யாருக்காகத் திருப்பவில்லை? இப்போது எல்லோரும் ரொம்ப ஒழுங்காகிவிட்டார்கள். சுவர்ப் பக்கம் போகும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். பல் டாக்டர் உங்கள் அண்ணனுக்கு 'வெள்ளையடிக்கிறவர்' என்று பெயரே வைத்துவிட்டார். "நம்ம வீட்டுச் சுவரு பாக்கியிருக்கு, கூப்பிடலாமா?" என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்படிப் பேசாதீர்கள் என்று சொல்லவும் இல்லை.

உங்கள் அண்ணன் கமிட்டியிலிருந்து விலகிவிட்டார். நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய படகை விற்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறார். உங்களைக் கேட்கவில்லை என்று கோபப்படாதீர்கள். எந்த முகத்தோடு கேட்பார்? அக்கா வந்து நம் வாசலில் நின்று, "சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து சும்மா பெசைஞ்சிக்கிட்டே இருக்காரும்மா. ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. கத்தினாலும் பரவாயில்ல, வாயே தொறக்க மாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டா, என் மனசுக்குக் கட்டுப்பட்டா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று நம் பெண் அங்கே போய்விட்டாள். என்னிடம் கேட்கவில்லை. வந்து சொன்னாள்: "பெரியப்பா, ஞாயித்துக்கிழமை கடைசி ரேஸ். எனக்கு ஜோடி இல்ல. நீங்க முன்னால உக்காருவீங்களான்னு கேட்டேம்மா." அவர், "ஒங்கப்பன் சொன்னா வரேன்" என்றாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குப் பயமா இல்லையாடி?" என்றேன். "பயமாத்தான் இருக்கு. அதான் அவரைக் கூப்பிட்டேன். அவரைவிட ஜாக்கிரதையா இப்ப யாரு இருப்பாங்க?" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் வீட்டில் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், அது என் பாடு. ஞாயிற்றுக்கிழமை நான் கரைக்குப் போய் நிற்பேனா என்பதும் சந்தேகம்தான். ஆனால் அவள் கேட்டது நான் கேட்டிருக்க வேண்டியது என்று மட்டும் தோன்றுகிறது.

உங்கள் அண்ணனுக்கு ஒரு போன் பண்ணுங்கள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம். எனக்கே அந்தச் சொல் இன்னும் வாயில் வரவில்லை. பிள்ளையைப் பற்றிக்கூடப் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று மட்டும் கேளுங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், உங்களுக்குத் தெரியும். அவர் முடிக்கும்வரை போனை வைத்துவிடாமல் இருங்கள். அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் எழுத அவசரமில்லை.

பக்கத்து வீட்டில் போன் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி