நான் கழுவ மறந்த கால்

என் இல்லத்து மகாராணிக்கு, கர்த்தர் கிருபையால் உன் அடிமை நலம். உன் முட்டுவலி குறைந்ததா?

நேற்று எங்கள் ஜெபக்கூட்டத்தில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்யும் கால் கழுவும் ஆராதனை. உலகத்துத் தாழ்மையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவன்போல எல்லோர் காலையும் நானே கழுவினேன். அடுப்படியில் நின்ற எங்கள் விடுதிச் சமையற்காரரை மட்டும் மறந்துவிட்டேன். அவரோ வந்து வாளியைப் பிடுங்கினார்.

"மாமா, உக்காருங்க."

"வேண்டாம்பா, ஒரே அழுக்கு."

"அழுக்குக்குத்தானே தண்ணி? பெருமை பண்ணாம காலை நீட்டுங்க. ஐயோ, குதிகால் இப்படி வெடிச்சிருக்கே!"

வேலைக்காக இங்கு வந்தபின் என்மேல் அன்பாக ஒரு கை பட்டது அப்போதுதான். நான் விட்ட கண்ணீரில் கப்பலே ஓட்டியிருக்கலாம். சிரிக்காதே.

வெடிப்புக்கு நீ பூசும் களிம்பில் இரண்டு டப்பா அனுப்பு. நாளெல்லாம் நின்று சமைக்கிறவர்; அவர் காலுக்கு நான்தான் பூச வேண்டும். வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உன் மாமன்