அக்கா திறக்காத மடை

அக்கா,

இன்று காலை ஊர்க் குடிநீர்த் தொட்டியைக் கழுவினார்கள். ப்ளீச்சிங் பவுடர் வாடை தெருவெல்லாம் பரவியபோது என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பல நாள் உன் கையை விட்டுப் போகாத வாடை அது.

நம் வயலோரக் குட்டையில் நீ நன்னீர் இறால் வளர்த்தாய். "நெல்லு வெளையுற ஊர்ல எறால் வெள்ளாமையா?" என்று உன் வீட்டுக்காரர், மாமாவே கேலி செய்தார். முதலில் நன்றாகத்தான் வந்தது. பிறகு ஒரு முறை விட்ட குஞ்சுகள் எல்லாம் வால் வெளுத்து, பால் நிறமாகிக் கரையில் ஒதுங்கின. மீன்வளத் துறையிலிருந்து வந்தவர், இது தொற்றுநோய், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"மடையத் தெறந்து விட்ரு. எல்லாம் தண்ணியோட போகட்டும்," என்றார் மாமா. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக முல்லையாற்றுக்குப் போகும்.

நீ போய் மடைமேல் நின்றாய். "ஆத்துல கெடக்குற எறாலுக்கு இந்தச் சீக்கக் குடுக்கவா? நான் தெறக்க மாட்டேன்."

முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நீயே பவுடரைக் கரைத்து ஊற்றினாய். உயிரோடு இருந்தவையும் துள்ளித் துள்ளி அடங்கின. செத்ததை அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கும்போதுதான் உன் அழுகை வெடித்தது.

அடுத்த கோடையில் ஆறு மெலிந்து கிடந்தது. ஒருநாள் வாய்க்காலில் நண்டும் இறாலும் செத்து மிதந்தன. "மேல திராட்சைத் தோட்டத்துல மருந்தடிச்ச டிரம்ம வாய்க்கால்ல கழுவிட்டாகளாம்க்கா," என்று நான்தான் வந்து சொன்னேன். முழங்கால் தண்ணீரில் நின்றபடி நீ கேட்டாய்: "இதுக்காடா அத்தனையையும் என் கையால கொன்னேன்?"

அப்போது கோரைக்கு அடியில் ஒன்று அசைந்தது. வயிற்றில் முட்டைகளைச் சுமந்த தாய் இறால். கிணற்றுத் தண்ணீர் பிடித்த குடத்தில் அதை விட்டு, குடத்தை மடியில் அணைத்தபடி என் பைக்கில் ஏறினாய். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்துக்கும் மேலே, மருந்து கலக்காத தண்ணீர்வரை போய், ஆற்றில் குடத்தைச் சாய்த்தாய். அது கல்லுக்கு அடியில் போய் மறைந்தது.

இந்தத் தையில், தேனி ஆஸ்பத்திரியில், புற்று உன்னைத் தின்று முடிக்கும் நேரத்தில் நீ என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். "ஏலே, அந்தத் தாய் எறால் பொழச்சிருக்குமாடா?"

"பொழச்சிருக்கும்க்கா. குஞ்சு பொரிச்சுப் பெருகியிருக்கும்."

கண்ணை மூடியபடியே சிரித்தாய். உன் முகத்தில் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு.

நான் சொன்னது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணீரில் இறங்கிக் கற்களைப் புரட்டிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றையும் காணோம், அக்கா.