‘தேவலையா’ என்று கேட்பதை நிறுத்திய டாக்டருக்கு

அன்புள்ள டாக்டர்,

இன்று காலை மருந்துக் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் ஒருவர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்து நின்றார். மடியிலிருந்து ஒரு சீசாவை எடுத்து நீட்டினார். பழக்கதோஷம், வாங்கியதும் முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய். வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர் பாவம், தன் சீசாவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

எருமப்பட்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மிக்ஸ்சர் வாங்க அவரவர் வீட்டுச் சீசாவைத்தானே கொண்டுவருவார்கள்? நீங்கள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, விளக்கெண்ணெய் வாடை வந்தால், “என்னய்யா, உங்க ஊர்ல மருந்து குடிக்கிறதுக்கு முன்னாலயே பேதி ஆயிடும்போல இருக்கே” என்பீர்கள். நீங்கள் டாக்டர், நான் கம்பவுண்டர். வயது ஏறக்குறைய ஒன்றுதான். காவிரிக்கரையில் பிறந்த உங்களுக்கு எங்கள் செம்மண்ணைக் கண்டால் ஒரே கேலி. வெயிலும் கடலைக்காயும் தவிர இங்கே என்ன விளைகிறது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

விளைந்தது காய்ச்சல். மழை முடிந்ததும் கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து குளிர்காய்ச்சல்காரர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கென்று சேலத்திலிருந்து வரும் கொயினா மருந்து மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகும். அப்போதுதான் உங்களுக்கு அந்த யோசனை வந்தது. கொயினாவைக் குறைந்த நாள் கொடுத்தாலே காய்ச்சல் நின்றுவிடுமானால், அதே மருந்தை இன்னும் எத்தனையோ பேருக்குக் கொடுக்கலாமே என்றீர்கள். ஒரு சந்தை நாளில் வந்தவர்களுக்கு வழக்கமான நாள் கணக்கு, அடுத்த சந்தைக்கு வந்தவர்களுக்குக் குறைந்த நாள். இரண்டு கூட்டமும் திரும்பி வரும்போது நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். “தேவலையா?”

“தேவலைங்க சாமி.” எல்லோருக்கும் ஒரே பதில். சந்தோஷத்தில் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டணத்து மருத்துவப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி, என்னை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினீர்கள். எனக்குப் பாதி புரியவில்லை, இருந்தாலும் பெருமையாக இருந்தது.

அதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அம்மை குத்துவதற்காக நாம் சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போனோம். வழியில் புளியமரத்தடியில் ஓர் அம்மாள் சுருண்டு கிடந்தார். பல் கிட்டும்படியான நடுக்கம். காலையில்தான் நம்மிடம் தேவலை என்று சொல்லிவிட்டுப் போனவர். நீங்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், ஏனம்மா பொய் சொன்னீர்கள் என்று கேட்டீர்கள்.

“நீங்க அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க சாமி. இல்லைன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படுமுங்களே.”

நீங்கள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்த அந்த அம்மாள், நடுங்கிக்கொண்டே உங்களைத் தேற்ற ஆரம்பித்தார். செத்த நேரம் படுத்தால் சரியாகிவிடும், இதற்கெல்லாம் விசனப்படக் கூடாது என்றார். அவரை என் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், சோறு போட்டவர் முகத்துக்கு நேராகக் குழம்பில் உப்பில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றேன். நானும் அந்த ஊர்க்காரன்தானே, எனக்கே அன்றைக்குத்தான் அது உறைத்தது.

கட்டுரை போகவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினீர்கள். “இனிமே தேவலையான்னு கேக்கக் கூடாதய்யா. நேத்து என்ன வேலை செஞ்சீங்கன்னு கேக்கணும்” என்றீர்கள். தண்ணீர் சேந்தினீர்களா, ஏர் பிடித்தீர்களா, சந்தைக்கு நடந்து வந்தீர்களா, வண்டியிலா என்று கேட்டதும் ஜனங்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லையே. குறைந்த நாள் கொயினா போதவில்லை, காய்ச்சல் திரும்பித் திரும்பி வருகிறது என்று தெரிந்தது. நீங்கள் ஆசைப்பட்டதற்கு நேர் எதிர். அப்புறம் சேலத்துக்கு எழுதி எழுதிச் சண்டை போட்டுத்தான் கூடுதல் கொயினா வாங்கினீர்கள். புளியமரத்தடி அம்மாள் ஒரு நாள் முந்தானை நிறையக் கடலைக்காயோடு வந்தார். நேற்று என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்குள், “இதத்தானுங்க பறிச்சேன்” என்று மேஜைமேல் கொட்டினார். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பை நான் மறுபடி பார்க்கவில்லை.

அதற்குள் உங்களுக்கு இருமல் கண்டு, அதில் ரத்தமும் வர ஆரம்பித்திருந்தது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சூரமங்கலத்தில் வீடு பார்த்து, ஊரிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டீர்கள். நான் பார்க்க வந்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. “நேத்து என்னங்க வேலை செஞ்சீங்க?” என்றேன்.

“என் கேள்விய எனக்கே திருப்பறீங்களா?” என்று சிரித்தீர்கள். பிறகு, “சட்டைப் பொத்தான் போட்டேன். பாதியில மூச்சு வாங்கிடுச்சு. மிச்சத்த அம்மா போட்டாங்க” என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது அம்மா கஞ்சியோடு உள்ளே வந்தார். உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “இன்னைக்குத் தேவலையாப்பா?” என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டார்!

“தேவலைம்மா” என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். டாக்டர், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

உங்கள் காரியங்கள் முடிந்து அம்மாவை ரயிலேற்ற சேலம் ஜங்ஷனுக்குப் போனேன். கடைசிவரை தேவலை என்றுதானே சொன்னான், நிஜமாகவே அப்படித்தான் இருந்ததா, ரொம்பக் கஷ்டப்படவில்லையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “ஆமாங்கம்மா, தேவலையாத்தான் இருந்தாருங்க” என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

அதன் பிறகு எருமப்பட்டியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு இங்கேயே ஜங்ஷன் பக்கத்தில் கடை வைத்துவிட்டேன். மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரையும் நேற்று என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கிறேன். கிறுக்கன் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். போகட்டும். என் வீட்டில் மட்டும் பழைய கேள்விதான். உங்களை நினைத்து நான் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்து, மனசு இப்போது தேவலையா என்கிறார்கள். தேவலை என்கிறேன். ஆசையாகக் கேட்கிறார்களே.

நீங்களாக இருந்தால் உங்கள் கேள்வியைக் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். நேற்று நம் ஆஸ்பத்திரியை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். நாமக்கல் வரைக்கும் போனேன். எருமப்பட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். படியில் ஒரு காலை வைத்தேன். பிறகு காலை எடுத்துவிட்டு, அந்த பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.