மோய் அக்காவின் காண்டாக் கம்பு

இயேசு மரி சூசை துணை

செந்தூல்
3-3-1952

அன்புத் தங்கச்சி நல்லம்மாளுக்கு அகதா எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டாதே, திட்டினாலும் இங்கே கேட்காது. நான், வீட்டுக்காரர், சின்னவள் மூவரும் சுகம். உன் வீட்டுக்காரர் இருசப்பன் அண்ணனுக்கு இருமல் நின்றதா? அவர் தங்கச்சி கலாவதி இன்னும் உன் பக்கத்து நிரையில்தான் பாலுக்கு மரம் வெட்டுகிறாளா, இல்லை கல்யாணம் பேசி வீட்டில் உட்கார வைத்துவிட்டீர்களா?

எனக்கு இப்போது மார்க்கெட் பைத்தியம் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் லில்லியன், அந்தப் பக்கம் மவுரீன். லில்லியன் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்காரரோடு ரயில்வே பட்டறையில் வேலை. மவுரீன் வீட்டுக்காரர் ஹியூபர்ட் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி. ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வாரம் ஒரு மார்க்கெட். ஆளுக்கு ஒரு சாமான், இதுவரை தின்னாததாகப் பார்த்து வாங்க வேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

செந்தூல் பாசார் முடிந்தது, ஆற்றோரத்துப் பெரிய மார்க்கெட் முடிந்தது. நேற்று புடு. கோம்பாக்கிலிருந்து வந்த மலாய்க்காரப் பெண்கள் தரையில் சாக்கை விரித்துப் பெத்தாய்க் காயும் காட்டுக் கீரையும் குவித்திருந்தார்கள். அதன் வாசத்தில் லில்லியன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளே இரண்டு கட்டு வாங்கினாள். மவுரீன் மூன்று பாஷையில் பேரம் பேசுவாள், நான்காவது பாஷையில் திட்டுவாள். நான் தாமரைக் கிழங்கு வாங்கி வந்து சாம்பாரில் போட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு வேலிக் கம்பத் தின்னலாம் லா" என்கிறார்.

இத்தனை மார்க்கெட் சுற்றியும் நம் மோய் அக்காவின் பாகற்காய் மாதிரி ஒன்றைக் காணோம். அந்தச் சீனத்தி இன்னும் தோட்டத்து கேட்டுக்கு முன்னால் சனிச் சந்தைக்கு வருகிறாளா? இரண்டு கூடையையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தால் மூங்கில் துள்ளும், நாம் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டுவோம். அவளும் சிரித்துவிட்டுக் கூட ஒரு பிடி கங்கோங் கீரை போடுவாள்.

உன் போன கடிதத்தை ஆற்றோரத்து மார்க்கெட் காப்பிக்கடையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். நாம் ஒன்றாக இருந்த லயத்துப் பழக்கம் விடுமா? யார் வீட்டுக் கடிதமானாலும் குழாயடியில் எல்லோருக்கும் சேர்த்துத்தானே வாசிப்போம். லில்லியன் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "உங்க கூட்டாளி அடுத்து எப்ப எழுதுவாங்க?" என்று மவுரீன் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆகவே நிறைய எழுது.

உன்மேல் உயிரான அக்கா,
அகதா

*

மாரியம்மன் துணை

ஈஜோக்
17-3-1952

அன்புள்ள அகதா அக்காவுக்கு நல்லம்மாள் எழுதுவது.

இந்தக் கடிதத்தை மட்டும் காப்பிக்கடையில் வாசிக்காதே. தனியாகப் படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ இருந்த தோட்டம் இல்லை அக்கா இது. எல்லா லயத்தையும் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றி முள்கம்பி அடித்துவிட்டார்கள். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு, அதுதான் காட்டுக்காரர்களுக்கு, சாப்பாடு போகக் கூடாதாம். வெட்டுக்குப் போகும்போது கேட்டில் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. கடையில் சார்டின் டின் வாங்கினால் எடுத்து வைத்தால் கெட்டுப்போகட்டும் என்று ஆணியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறான். பகல்வரை வெறும் வயிற்றோடு மரம் வெட்டுகிறோம்.

நம்மை வேலை வாங்கின காளியண்ணன் மண்டோர் இறந்துவிட்டார். இறந்தார் என்று எழுதுகிறேன் பார், கொன்றார்கள். போன புதன்கிழமை பால் எடுக்கும் நேரத்தில் காட்டுக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். அவர் வேட்டியாலேயே அவரை ரப்பர் மரத்தில் கட்டினார்கள். போலீசுக்குப் பேர் எழுதிக் கொடுத்தாராம். எழுதின கை என்று வலது கையை முதலில் வெட்டினார்கள். நானும் கலாவதியும் முன்னால் நிற்க வேண்டும், கண்ணை மூடக் கூடாது. அவர் தண்ணீர் கேட்டார். யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. கழுத்தில் வெட்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒருவன் அதே பாராங் கத்தியைக் கலாவதி கழுத்தில் வைத்தான். நாங்கள் மண்டோரின் ஆட்கள் என்றான். இன்னொருவன் முகத்துத் துணியை இறக்கினான். மோய் அக்காவின் தம்பி. நமக்குக் கூடை தூக்கிக் கொடுப்பானே, அவனேதான். "அக்காகிட்ட கீரை வாங்குறவங்க, விடு" என்று மலாயில் சொன்னான். விட்டுவிட்டார்கள். கீரை வாங்கிய புண்ணியத்தில் உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மோய் அக்கா குடும்பத்தையும் புதுக்கிராமத்தில் கம்பிக்குள் போட்டுவிட்டார்கள். பாஸ் வாங்கிக்கொண்டு சனிச் சந்தைக்கு மட்டும் வருகிறாள். முந்தாநாள் கலாவதி உதவிக்கென்று அவள் காண்டாக் கம்பைத் தூக்கினாள், தூக்க முடியவில்லை. வெறும் மூங்கிலுக்கு அந்தக் கனம் வராது. நானும் சாய்த்துப் பார்த்தேன், உள்ளே அரிசி சரிந்தது. நாங்கள் கண்டுகொண்டதை மோய் அக்காவும் பார்த்துவிட்டாள். கலாவதி கம்பை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் தம்பி எங்களை விட்டான், நாங்கள் அவளை விட்டோம்.

இது தெரிந்தவர்கள் நான், கலாவதி, இப்போது நீ. இருசப்பனிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, அதனால்தான் எழுதினேன்.

உன் தங்கச்சி,
நல்லம்மாள்

*

இயேசு மரி சூசை துணை

செந்தூல்
24-3-1952

என் தங்கமே நல்லம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராஜாத்தி மாதிரி வளர்ந்த நம் கலாவதியை நினைத்து அழுதேன். காளியண்ணன் மண்டோர் எனக்குக் கடைசியாகச் சொன்னது, "பட்டணத்துக்குப் போனாலும் காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுறதுக்குள்ள வந்துடணும், தெரியுதா?" என்பதுதான். அந்த மனுஷனை இப்படியா செய்வார்கள்.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ கவலைப்படாதே. நேற்று சௌகிட் மார்க்கெட் போனோம், எனக்கு ஒன்றும் வாங்கத் தோன்றவில்லை. மண்டோர் செத்ததை மட்டும் லில்லியனிடமும் மவுரீனிடமும் சொன்னேன்.

கிளம்பி இங்கே வந்துவிடேன். பின்கட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

அக்கா,
அகதா

*

மாரியம்மன் துணை

ஈஜோக்
7-4-1952

அகதா அக்காவுக்கு,

மோய் அக்காவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

சனிச் சந்தைக்கு இரண்டு லோரியில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு இருபது பேராவது கூடை வைத்திருந்தோம், ஒருவர் கூடையையும் தொடவில்லை. நேராக அவளிடம் போனார்கள். காண்டாக் கம்பைப் பிடுங்கி, ரோட்டில் போட்டு, துப்பாக்கிக் கட்டையால் பிளந்தார்கள். அரிசி கொட்டியது. அவள் ஓடினாள். முதுகில் இரண்டு குண்டு. முள்ளங்கிக் குவியல்மேல் குப்புற விழுந்து, கால் மட்டும் வெகுநேரம் உதைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு பலகையில் கிடத்திச் சாயந்திரம்வரை கேட்டில் வைத்திருந்தார்கள். வாயெல்லாம் ஈ. கலாவதி துணியால் முகத்தை மூடப் போனாள், கட்டையால் தோளில் ஒரு அடி. கையைத் தூக்க முடியாமல் கிடக்கிறாள்.

கம்பைத் தேடி வந்தவர்கள் அவர்கள். யாரோ கம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை அவள் தம்பி என் நிரைக்கு வந்தான். கண் இரண்டும் ரத்தமாக இருந்தது. "உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு அக்கா சொல்லியிருக்கா. யாரு சொன்னது? ரெண்டு வாரம் தர்றேன். பேரு வரலைன்னா ரெண்டு பேரையும் வெட்டுவேன்" என்றான். போலீசுக்குப் போனால், தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்று என்னை உள்ளே தள்ளுவார்கள். பாஸ் இல்லாமல் வேலியைத் தாண்டவும் முடியாது.

கலாவதி தான் சொல்லவில்லை என்கிறாள். ஆனால் கேட் காவலுக்கு நிற்கிற அர்ஜுனனோடு அவளுக்குப் பேச்சு உண்டு, வைகாசியில் கல்யாணம் வைக்கலாம் என்றுகூட இருந்தோம். அவனிடம் வாய் தவறியிருப்பாளோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்படி நினைக்கிற என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா, உன்னை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ யாரிடமாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் சொன்னேன் என்று எழுது. திட்டமாட்டேன். உன் பேரை அவனிடம் கொடுக்கவும் மாட்டேன், செந்தூலில் யாரோ என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். எங்கள் இரண்டு பேர் உயிரும் உன் பதிலில் இருக்கிறது. உடனே எழுது.

நல்லம்மாள்

*

இயேசு மரி சூசை துணை

செந்தூல்
14-4-1952

அன்புத் தங்கச்சி நல்லம்மாளுக்கு,

நேற்று ஈஸ்டர். பூசையில் உனக்காகவும் கலாவதிக்காகவும் மெழுகுவத்தி ஏற்றினேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான் யாரிடமும் சொல்லவில்லை. மாதாமேல் ஆணை, என் பிள்ளைமேல் ஆணை. கடிதம் வந்த அன்றே எரித்தேன்.

பெரிய துரையின் காலில் விழுந்தாவது பாஸ் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் இங்கே ஓடி வந்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அக்கா,
அகதா

*

செந்தூல்
21-4-1952

நல்லம்மா, என் கண்ணே,

நான் பொய் சொன்னேன். இந்தக் கடிதம் கிடைக்கும்வரை வாயைத் திறக்காதே. கலாவதி சொல்லவில்லை. என்னால் போனதுதான்.

கம்பைப் பற்றி நீ எழுதின கடிதம் சனிக்கிழமை வந்தது. மறுநாள் மார்க்கெட்டில் பிரிக்கலாம் என்று பிரிக்காமலே கூடையில் வைத்துக்கொண்டு போனேன். சௌகிட்டில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். "காப்பிக்கடையில் வாசிக்காதே" என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியையே சத்தமாக வாசித்தேன். மூன்று பேரும் சிரித்தோம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் காப்பியைக் குடிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. மண்டோரை வெட்டியதை வாசிக்கும்போது அழுதேன், அழுதுகொண்டே கம்பையும் வாசித்துவிட்டேன்.

நீ கேட்டு எழுதினதை வீட்டில் காட்டினேன். எங்கள் வீட்டுக்காரர், "எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்கு நம்மளயும் புடிப்பான், என் வேலையும் போகும், இல்லேன்னு எழுது" என்றார். மவுரீன் சொல்லியிருக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய வெள்ளிக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவரிடம் சொல்ல வாய் வந்தது, உனக்கு எழுதக் கை வரவில்லை. நீ கலாவதியைச் சொல்லமாட்டாய் என்றும் நம்பினேன்.

நேற்று மார்க்கெட்டில் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே மவுரீன் சொல்கிறாள், "ஹியூபர்ட்டுக்குப் போலீஸ் தொரை கையக் குடுத்துப் பாராட்டினாரு, உங்க கூட்டாளி புண்ணியந்தான்" என்று. கூடையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் தடுத்தும் எழுதுகிறேன். என் பேரைக் கொடு. வீட்டு நம்பரையும் கொடு. அவன் வரட்டும்.

பாவி,
அகதா

*

ஈஜோக்
28-4-1952

அகதாவுக்கு,

உன் இரண்டாவது கடிதம் வியாழக்கிழமை வந்தது. கலாவதியைப் புதைத்தது புதன்கிழமை.

திங்கள் காலை மோய் அக்காவின் தம்பி வந்தான். உன் ஈஸ்டர் கடிதம் என் மடியில் இருந்தது. நான் இல்லை என்றேன். "அப்ப அவளா?" என்றான். நான் தலையை ஆட்டினேன். பேர்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் அவளை என் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடிபட்ட கையை அவளால் தூக்க முடியவில்லை, மற்றக் கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நான் சொல்லல. நீங்களாவது சொல்லுங்க அண்ணி" என்றாள். நீ மாதாமேல் சத்தியம் செய்திருந்தாய். நான் அவளிடம், "பொய் சொல்லாத கலாவதி" என்றேன். அவள் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். பாராங் ஒரே வெட்டில் போகவில்லை. மூன்று வெட்டு. என் புடவையைப் பிடித்திருந்த விரல்களை நான்தான் பிரித்து எடுத்தேன்.

இருசப்பன் தங்கச்சியின் தலையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லோரியில் வந்தார். அர்ஜுனன் துப்பாக்கியைக் கேட்டில் போட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். லயத்தில் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், கூடவே மரம் வெட்டின நாத்தனார் போய்விட்டாளே என்று.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது யார் எழுதினது என்று இருசப்பன் கேட்டார். "அகதாதான், சொகம் விசாரிச்சிருக்கா" என்றேன். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டேன். நான் சொன்னால் செய்வேன்.

உன் பேரை அவனிடம் கொடுக்கமாட்டேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. உன் பேரைச் சொன்னால், செய்யாத தப்புக்குக் கலாவதியை வெட்டினோம் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் தோட்டத்துக்குத் தெரியும், தோட்டத்துக்குத் தெரிந்தால் இருசப்பனுக்குத் தெரியும். யார் தலையாட்டினது என்று அவர் கேட்பார். அதனால் நீ பிழைத்தாய். நானும் பிழைத்தேன். கலாவதிதான் மோய் அக்காவைக் காட்டிக்கொடுத்தாள் என்றே ஊர் பேசும், நான் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

இனி எழுதாதே. இப்போதெல்லாம் ஆபீசில் கடிதம் வாங்கப் போவது இருசப்பன்தான். அவருக்கும் படிக்கத் தெரியும்.

நல்லம்மாள்