முதன்முறை விமானம் ஏறுபவர்களுக்கு

மார்ச் 6, 2018. செவ்வாய்

காலைப் பணி. புறப்பாட்டுக் கூடத்தில் நல்ல கூட்டம். கழிப்பறை எங்கே என்று மட்டும் நாற்பத்தொரு பேர் கேட்டார்களாம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தூய் எண்ணிக்கொண்டே இருந்தாள். "தகவல் மேசைன்னு போட்டதை எடுத்துட்டு அம்புக்குறி மட்டும் மாட்டிடலாம் அக்கா" என்றாள்.

மதியம் எங்கள் ஊர் பென் ட்ரேயிலிருந்து ஹுவே அக்கா பேசினாள். தைவானில் கட்டிக்கொடுத்த மகள் துயெனுக்கு இது எட்டாவது மாதம். மாப்பிள்ளை ஆழ்கடல் கப்பலில் போயிருக்கிறான், பிரசவத்துக்குத் திரும்ப மாட்டான். மாமியார் இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் அக்கா தைவானுக்கு, மகள் இருக்கும் காவ்சியுங் நகரத்துக்குப் போகிறாள். பதினான்காம் தேதி டிக்கெட். ஐம்பத்தாறு வயதில் முதல் விமானம்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னடி பயம்? விமான நிலையமே என் தங்கச்சியோடது."

மார்ச் 11

தொலைபேசியில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். முதலில் விமானக் கம்பெனி மேசை, பிறகு கடவுச்சீட்டில் முத்திரை, பிறகு சோதனை, பிறகு வாயில். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னாள். பாதியில் எனக்கே சலிப்பு வந்து குரல் உயர்ந்தது. "சரி சரி, திட்டாத. நீ பக்கத்துல வருவேல்ல, அப்புறம் என்ன" என்றாள்.

மார்ச் 13

பேருந்தில் வந்து சேர்ந்தாள். பை நிறையக் காய்ந்த விரால் மீன், மிளகு, குழந்தைத் துணி. மஞ்சளைச் சாராயத்தில் ஊறவைத்த பாட்டில் ஒன்று. பிள்ளை பெற்றவள் வயிற்றில் தேய்க்க அவளே மூன்று மாதம் மண்ணில் புதைத்து எடுத்தது. அதைப் பெரிய பைக்குள் வை என்று சொன்னேன். சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

எங்கள் அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. தேங்காய் மிட்டாய்ப் பட்டறையில் பாகு கிண்டித்தான் அவள் என்னைப் படிக்க வைத்தாள். பாகு தெறித்த தழும்புகள் இரண்டு முழங்கையிலும் இருக்கின்றன. நான் சீனமும் ஆங்கிலமும் பேசுவது அந்தக் கைகளால்.

நாளை தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வருகிறார்கள். பணிக்குழுத் தலைவர் பதவிக்கு என் பெயரும் தூயின் பெயரும் இருக்கின்றன. எங்கள் மேலாளர் ஓவான் மேடம் இரண்டு முறை அழைத்துச் சீருடை, சிரிப்பு, நாற்காலி ஒழுங்கு எல்லாம் சொல்லிவிட்டார்.

அக்காவிடம் பத்து மணிக்குத் தேநீர் இடைவேளையில் வாயில்வரை கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு உள்ளே போக அனுமதி அட்டை உண்டு.

மார்ச் 14

அக்கா விமானத்தைத் தவறவிட்டாள். சோர்வாக இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 15. வியாழன், விடுமுறை

எழுதாமல் விட்டால் நாளடைவில் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஒன்பதே காலுக்கு வந்தாள். ஊதா நிற மேல்சட்டை, பிளாஸ்டிக் செருப்பு, தோளில் துணிப்பை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே "தங்கச்சி! ஏய் தங்கச்சி!" என்று சந்தையில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். என் மேசைக்கு முன்னால் அந்த மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ஓவான் மேடம் பக்கத்தில்.

நான் எழுந்து நின்று, சிரித்து, "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணுங்க?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோட்டுக்காரர்களைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரு நொடி. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு, "காவ்சியுங் போற விமானத்துக்கு எந்தப் பக்கம் போகணுங்க மேடம்?" என்று கேட்டாள்.

கையை நீட்டி வழி காட்டினேன். "நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூவரில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஓவான் மேடத்தின் முகத்தில் திருப்தி.

பத்து மணிக்கு இடைவேளை எடுக்கவில்லை. அவர்கள் இன்னும் போகவில்லை. பத்தரைக்கும் எடுக்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு ஒலிபெருக்கி. "பயணி ட்ரான் தி ஹுவே, உடனடியாக இருபத்து நான்காம் வாயிலுக்கு வரவும்." அவள் சீட்டில் பதினேழு என்றுதான் இருந்திருக்கும். வாயிலை மாற்றிவிட்டார்கள். நான் அந்த நேரத்தில் புகார்ப் புத்தகத்தை அவர்களுக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளே போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மேசையில் தொலைபேசி இருந்தது, வாயிலுக்கு நான்கு எண் அழுத்தினால் போதும். ஓடினால் ஆறு நிமிடம். மூன்றாம் முறை கூப்பிட்டபோது பக்கம் புரட்டினேன்.

ஏன்? மூன்று பேருக்கு முன்னால் "அது என் அக்கா, நான் போகணும்" என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்?

ஒரு மணிக்கு ஒரு காவலர் அவளை வெளியே கொண்டுவந்து விட்டார். மேசைப் பக்கம் அவள் வரவில்லை. தூணை ஒட்டியிருந்த நாற்காலியில் என் பணி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். டாக்சியில்தான் வாய் திறந்தாள்.

"மஞ்சப் பாட்டில் உடைஞ்சுடும்னு கைப்பையில வெச்சுக்கிட்டேன்டி. சோதனையில புடுங்கிட்டாங்க. நான் கையைப் புடிச்சுக் கெஞ்சினேன், கொஞ்சம் சத்தம் போட்டேன். அப்புறம் உள்ள போய் உக்காந்தா மேல இருந்து என் பேரைச் சொல்றாங்க. நம்ம பாஷைதான்னாலும் வடக்கத்திப் பேச்சு, பேரு மட்டுந்தான் புரியுது. சாராயம் கொண்டாந்ததுக்குப் போலீஸ் தேடுதுன்னு பயந்து கக்கூஸ்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்."

அவளுக்குக் கேட்டிருக்கிறது. எனக்கும் கேட்டது. இரண்டாவதை நான் சொல்லவில்லை.

"வேற டிக்கெட் எடுக்கிறேன் அக்கா. நாளைக்கே."

"வேண்டாம்டி. எனக்கு அந்த எடம் ஒத்துவராது."

இன்று காலை முதல் பேருந்தில் போய்விட்டாள்.

மார்ச் 18

துயெனுக்கு நேற்று வலி வந்துவிட்டது. ஐந்து வாரம் முன்னதாகவே. யாரும் கூட இல்லை. அறுவைக்குக் கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆண் குழந்தை.

மார்ச் 20

குழந்தை இல்லை.

மார்ச் 23

துயென் பேசினாள். அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அம்மா வந்திருந்தாலும் புள்ள பொழைச்சிருக்காது சித்தி. டாக்டரே சொல்லிட்டார். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க." பிறகு, "பெட்டியை நான்தான் மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். வேன்ல வேற யாரும் இல்ல" என்றாள்.

ஏப்ரல் 9

பணிக்குழுத் தலைவராக என்னைப் போட்டிருக்கிறார்கள். தூய் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். "அந்தக் கிராமத்து அம்மாகிட்ட நீங்க பேசின பணிவைத்தான் மேலே எழுதியிருக்காங்களாம் அக்கா" என்றாள்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூன் 24

பென் ட்ரே போய் வந்தேன். மூன்று மாதம் தள்ளிப்போட்ட பயணம்.

அக்கா என்னை விருந்தாளி மாதிரி நடத்தினாள். பூப்போட்ட தட்டு, புதுப் பாய், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க." முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போய்க் கிணற்றில் தண்ணீர் இறை என்பாள். இந்த முறை தம்ளரைக்கூடக் கழுவ விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி பழம் கொண்டுவந்தாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. "தங்கச்சி அங்க ராணி மாதிரி உக்காந்திருக்கா, அக்காக்காரி கக்கூஸ்ல ஒளிஞ்சுக்கிட்டு விமானத்தை விட்டுட்டு வந்தா! ஊரே சிரிக்குது போ."

"என் முட்டாள்தனம்" என்றாள் அக்கா. "அவ பாவம், எல்லாத்தையும் ஒண்ணொண்ணா சொல்லியே குடுத்தா. எனக்குத்தான் புத்தி இல்ல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14

ஓவான் மேடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். முதன்முறை விமானம் ஏறுபவர்களுக்கு ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம். தொழிலாளியாகப் போகிறவர்கள், கல்யாணமாகிப் போகிற பெண்கள், அவர்களைப் பார்க்கப் போகிற அம்மாக்கள், இவர்களுக்குப் புரிய வேண்டும். "உன்னைவிட யாருக்கு இது தெரியும் தியெப்?" என்றார்.

ஆமாம். யாருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 30

மூன்று மணி நேரம் முன்னதாக வாருங்கள் என்பதெல்லாம் மடமடவென்று எழுதிவிட்டேன். திரவம் பற்றிய பக்கத்தில் நின்றுபோயிற்று. "நூறு மில்லிக்கு மேற்பட்ட எந்தத் திரவமும்" என்று ஆரம்பித்து அடித்தேன். அக்காவுக்கு மில்லி தெரியாது. பிறகு எழுதியது:

"மீன்குழம்புச் சாறு, தேன், சாராயம், எண்ணெய், மருந்துத் தைலம் எதுவானாலும் கையோடு எடுத்துப் போகிற பையில் வேண்டாம். துணியில் சுற்றிப் பெரிய பையின் நடுவில் வையுங்கள், உடையாது. தவறி எடுத்து வந்து அவர்கள் வாங்கிக்கொண்டாலும் அது குற்றமில்லை. உங்களை யாரும் பிடித்துப்போக மாட்டார்கள்."

அடுத்தது: "சீட்டில் உள்ள வாயில் எண் மாறலாம். உட்கார்ந்த பிறகும் பக்கத்தில் இருப்பவரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்."

அடுத்தது: "உங்கள் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டால் பயந்துவிடாதீர்கள். விமானம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். யாரிடமாவது ஓடிப்போய், இது என் பெயர் என்று சொல்லுங்கள்."

கடைசியாக ஒரு வரி எழுதினேன்: "இங்கே வேலை செய்யும் உறவினர் யாரையும் நம்பி வராதீர்கள்."

செப்டம்பர் 5

மேடம் எல்லாவற்றையும் பாராட்டினார். அந்தக் கடைசி வரியைச் சிவப்பில் அடித்திருந்தார். "இது என்ன பைத்தியக்காரத்தனம்? யாராவது உன்னை ஏமாத்திட்டாங்களா?"

"இல்ல மேடம்."

நவம்பர் 19

புத்தகம் மேசைமேல் அடுக்கியிருக்கிறது. தெற்கே கா மாவிலிருந்து வந்த ஒருத்தி, கொரியாவில் இருக்கும் மகளிடம் போகிறவள், அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையைத் தூயிடம் விட்டுவிட்டு அவளை வாயில்வரை கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. திரும்பி வரும்போது மனசு லேசாகும் என்று பார்த்தேன். ஆகவில்லை. யாருக்கோ செய்தால் அக்காவுக்குச் செய்ததாகிவிடுமா?

பிப்ரவரி 6, 2019. சந்திரப் புத்தாண்டு இரண்டாம் நாள்

சொல்லிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து அக்கா பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"அக்கா, அன்னைக்கு உன் பேரைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு. நான் எழுந்து வரல."

அவள் கை நிற்கவில்லை. சுளையின் வெள்ளைத் தோலை நூல் நூலாக எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

"கேக்கலன்னுதான் சொல்றேன்."

"மேடம்னு கூப்பிட்டேனே, அது உனக்காகத்தான். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு. அதுக்கு நான் வருத்தப்படல." சுளையை என் தட்டில் வைத்தாள். "கக்கூஸ்ல உக்காந்திருந்தப்ப ஒண்ணு மட்டும் நெனச்சுக்கிட்டே இருந்தேன். தியெப்புக்குக் கேட்டிருந்தா இந்நேரம் வந்திருப்பா, பாவம் அவளுக்குக் கேக்கல போலன்னு."

பிறகு எழுந்து கோழிகளுக்குத் தவிடு போடப் போய்விட்டாள். நான் புறப்படும்போது வழியில் தின்ன மிட்டாய் கொடுத்தாள். பத்திரமாகப் போ என்றாள். எப்போதும் போலத்தான். எதுவும் எப்போதும் போல இல்லை.

மார்ச் 14

ஒரு வருடம்.

ஏப்ரல் 28

துயென் மறுபடி உண்டாகியிருக்கிறாளாம். ஏழு மாதம். எனக்கு இன்றுதான் தெரியும், அதுவும் அவள் போட்ட படத்தைப் பார்த்து. அக்காவை அழைத்து, "போறதா இருந்தா சொல்லு, லீவு போட்டுட்டு உன்கூடத் தைவான் வரைக்குமே வர்றேன்" என்றேன். "பாக்கலாம்" என்றாள்.

மே 17, 2019. வெள்ளி

காலையில் துயெனிடமிருந்து படம் வந்தது. அவள் சமையலறையில் அக்கா நிற்கிறாள், கையில் அகப்பை. பின்னால் அடுக்குமாடி ஜன்னல்.

உடனே அழைத்தேன்.

"எப்ப அக்கா போன?"

"நேத்துதான். சுகமா வந்து சேந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை…"

"வியாழக்கெழம உனக்கு லீவுதானே. துயென் எந்த நாளுக்கு டிக்கெட் போடணும்னு கேட்டா, அந்த நாளுக்கே போடுன்னு நான்தான் சொன்னேன். நீ இருந்தா உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்." குரலில் கோபம் இல்லை. "அடுப்புல கஞ்சி இருக்கு, போனை வெக்கிறேன்."

பணிக்குப் போனேன். தூயிடம் நேற்றைய கூட்டம் எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"கூட்டம்தான். காவ்சியுங் போற அம்மா ஒருத்தங்க, ஊதாச் சட்டை, நேரா வந்து, தம்பிங்களா தங்கச்சிங்களா யாராவது என்னை வாயில்ல கொண்டுபோய் விடுங்கன்னு கேட்டாங்க. துளி வெட்கம் இல்ல. நானே கூட்டிட்டுப் போனேன். எந்த ஊருன்னு கேட்டேன், பென் ட்ரேன்னாங்க. எங்க தியெப் அக்காவும் அந்த ஊர்தான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அப்படியான்னாங்க. ரொம்ப நல்லவங்க அக்கா. எனக்கு மிட்டாய் எல்லாம் குடுத்தாங்க."

வரிசையில் ஒருவர் கடவுச்சீட்டை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். வாங்க, சொல்லுங்க என்றேன்.