டோக்கன் 17

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்.

பெரிய முதலாளி இறந்து முப்பது நாள். படத்துக்கு மாலை. அவர் எழுதி வைத்ததைச் சூப்பர்வைசர் மணியண்ணன் வாசித்தார். மகன்களுக்குப் பனியன் கம்பெனி வேண்டாமாம். வேலை செய்கிற நாற்பத்தொரு பேரும் இனி பங்குக்காரர்கள். பங்கை விற்க முடியாது. யாராவது வேலையிலிருந்து நின்றால் அவர் பங்கு மற்றவர்களுக்கு. எனக்குப் பங்கு இல்லை, இன்னும் பதினெட்டு ஆகவில்லை.

அம்மா அழுதாள். ஓவர்லாக் மிஷினில் இருபத்திரண்டு வருஷம். பக்கத்து மிஷின் சரசக்கா, "ஏனுங்க மணி முதலாளி, இந்த முதலாளிக்கு ஒரு டீ சொல்லுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

ஜூன் 4, புதன்

புது வழக்கம். டேமேஜ் பீஸில் ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் போதாது. தைத்தவரின் டோக்கன் நம்பரை நோட்டில் எழுதணும். தைத்த பீஸைப் பார்க்கிற செக்கிங்கில் பத்தாவது வரை போனது நான் மட்டும். அதனால் நோட்டு என்னிடம்.

17 அம்மா. கண்ணில் புரை. இதுவரை அவள் டேமேஜை மேஜைக்கு அடியில் போட்டு வைப்பேன். சாப்பாட்டு நேரத்தில் பிரித்துத் தைத்துவிடுவாள். பெரிய முதலாளி ஒருதடவை பார்த்தார். பேசாமல் போய்விட்டார்.

பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன், என்ன செய்ய என்று.

"மறைக்காத கண்ணு. இப்ப இது நம்ம கம்பெனி."

ஜூன் 7, சனி

வாங்க: சோப்பு, ஹேர்பின், தக்காளி அரைக்கிலோ.

எழுதிவிட்டேன். 17க்கு முப்பத்தொன்று. வேறு யாரும் பத்தைத் தாண்டவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கூட்டம். நோட்டை நான் எழுந்து நின்று படிக்கணுமாம். பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸுக்கே எனக்குச் சத்தம் வராது. 17 வந்ததும் வாய்க்குள்ளேயே படித்தேன்.

"கேக்கல கண்ணு. சத்தமா" என்றாள் சரசக்கா.

மறுபடி படித்தேன்.

நட்டம் எல்லாருக்கும்தானே என்றார் மணியண்ணன். ஒரு ஆள் குறைந்தால் நம்ம பங்கு ஏறும் என்று பின்னாலிருந்து யாரோ. மெதுவாகத்தான். எல்லாருக்கும் கேட்டது.

அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தச் சம்மதம் என்றால் கை தூக்கணும். முதல் கை சரசக்கா. கடைசிக் கை அம்மா.

வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன்.

"எல்லாருந் தூக்கறப்ப நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

ஜூன் 9, திங்கள்

பஸ்ஸில் தனியாக. ஜன்னல் சீட் கிடைத்தது.

அம்மா மிஷினில் ஒரு இந்திக்காரப் பொண்ணு. கான்ட்ராக்ட் ஆள், பங்கு கிடையாது. அம்மா துண்டுத் துணியில் தைத்த குஷன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரசக்காவுக்கும் கை நடுங்குது, நல்லாப் பாரு என்று மணியண்ணன் காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் அதைப் பார்த்திருக்கணும். மதியம் கொய்யாப்பழத்தை நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"அம்மா எப்படி இருக்குது கண்ணு?"

தலையாட்டினேன். கொய்யா நன்றாகப் பழுத்திருந்தது. முழுக்கத் தின்றேன்.

சரசக்கா நம்பர் 9. சாயந்திரம் வரை நோட்டில் ஆறு டேமேஜ் எழுதினேன். அதில் நாலு நல்ல பீஸ்.